கப்பல் விளையாட்டும் ஒரு தபாலும்

எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் போன ஜனவரியில் இரண்டு நாள் பொழுதுபோக்குக் கண்காட்சி நடத்தினார்கள். தபால்தலை, பழைய நாணயம், போன்சாய், தஞ்சாவூர் ஓவியம் என்று ஆளுக்கொரு மேஜை. நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். அதில் நான் வைத்தது ஒரு கடற்போர் விளையாட்டு. அன்றிலிருந்து இன்றுவரை நடைப்பயிற்சி நண்பர்கள் இருவர் என்னை விடுவதாக இல்லை. "ஆட்டம் பிரமாதம் சார். அந்தக் கடைசி லெட்டரை மட்டும் எடுத்துடுங்க" என்பது அவர்கள் கட்சி. எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வாய்ப் பேச்சில் நான் எப்போதும் தோற்பவன். எழுத்தில்தான் கொஞ்சம் தெம்பு. அதனால் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன மாடல் கப்பல்களையும் பொம்மைச் சிப்பாய்களையும் மேஜையில் வைத்துப் பழைய போர்களை ஆடிப்பார்ப்பது வெளிநாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. லண்டனில் 'சல்யூட்' என்ற கண்காட்சி 1970-களிலிருந்து நடந்துவருகிறது. அங்கெல்லாம் இரண்டு வகை மேஜை உண்டு. ஒன்று, நின்று பார்த்துவிட்டுப் போவதற்கு. இன்னொன்று, போகிற வருகிற யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அரைமணி நேரம் ஆடுவதற்கு. என்னுடையது இரண்டாவது வகை.

பூந்தமல்லியில் கடல் இல்லை. எங்களுக்குப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிதான். அப்புறம் ஏன் கடற்போர்? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் கட்டபொம்மன் கிடையாது, சுஃப்ரேன் உண்டு. புதுச்சேரியில் அவர் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது. பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனும் ஆங்கில அட்மிரல் ஹியூஸும் 1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நம் பக்கத்துக் கடலில் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே ஒன்று, இலங்கையின் கிழக்குக் கரையில் ஒன்று, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். முசியே வகுப்பில் கரும்பலகையில் கப்பல் வரிசைகளைக் கோடு போட்டுக் காட்டுவார். நாங்கள் எல்லோரும் சுஃப்ரேன் பக்கம். ஹியூஸ் பக்கம் நிற்க வகுப்பில் ஒரு பையன்கூட இருந்ததில்லை.

நான் எடுத்துக்கொண்டது 1783 ஜூன் 20-ஆம் தேதி நடந்த கடலூர்ச் சண்டை. கடலூர்க் கோட்டை பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் கையில். ஆங்கிலத் தரைப்படை அதை முற்றுகையிட்டிருந்தது. அந்தப் படைக்கு வேண்டிய சாமான்கள் கடல்வழியாக வந்தாக வேண்டும். அதற்குக் காவலாக ஹியூஸின் 18 பெரிய போர்க்கப்பல்கள். சுஃப்ரேனிடம் 15. ஹியூஸுக்கு எண்ணிக்கை இருந்தது. ஆனால் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள், குடிதண்ணீரும் குறைந்துவிட்டது. சுஃப்ரேனுக்கு ஆள் பற்றாக்குறை. புஸ்ஸியின் தரைப்படையிலிருந்து 1,200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ச் சிப்பாய்கள். பீரங்கி இழுக்கக் கப்பலேறிய அந்தச் சிப்பாய்களைப் பற்றி முசியே ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

15-க்கு 18 என்றால் 5-க்கு 6. அதனால் என் மேஜையில் 11 கப்பல் போதுமாயிற்று, ஒன்று மூன்றுக்குச் சமம். உடம்பு ஐஸ்க்ரீம் குச்சி, பாய்மரத்துக்கு ஈர்க்குச்சி, பாய்க்குப் பழைய ஃபைல் அட்டை. டேபிள் டென்னிஸ் மேஜையில் நீலப் படுக்கை விரிப்பை விரித்தால் வங்கக் கடல்.

விதிகள் ஒரே பக்கம். காற்று முதுகிலோ பக்கவாட்டிலோ அடித்தால் கப்பல் ஒரு ஸ்கேல் தூரம் நகரும். முகத்துக்கு நேரே அடித்தால் நகராது. பீரங்கிகள் கப்பலின் இரு பக்கமும்தான் வரிசையாக இருக்கும், ஆகவே பக்கத்தைக் காட்டினால்தான் சுட முடியும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஆறு புளியங்கொட்டை. அடி விழ விழ ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், தீர்ந்தால் கப்பல் வரிசையை விட்டு விலக வேண்டும்.

தாயக்கட்டைக்குப் பதில் ஆறு சோழி வைத்தேன். பகடையில் ஒன்றும் ஆறும் ஒரே மாதிரி விழும். சோழி அப்படி இல்லை. மல்லாந்து விழுவதும் குப்புற விழுவதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், ஆறு சோழியை உருட்டும்போது விழக்கூடிய 64 விதங்களில் 50 விதம் இரண்டு, மூன்று, நான்குதான். ஆறும் மல்லாந்து விழுவது 64-ல் ஒரு தடவை. அந்தக் காலக் கடற்சண்டையும் இப்படித்தான். ஐந்து மோதலிலும் இருபக்கத்துப் பெரிய கப்பல் ஒன்றுகூடச் சண்டையில் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. கப்பல்கள் தப்பின, உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள்.

காற்றை விளக்கத்தான் பயந்தேன். அதுதான் சுலபமாக இருந்தது. ஜூன் மாதத்தில் பூந்தமல்லி மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். காலையிலிருந்து மேற்கே இருந்து அனல் காற்று. மாலையில் கடற்காற்று வந்தால் உயிர் வரும், சில நாள் வராமலே போய்விடும். 1783 ஜூன் 20 அன்றும் காற்று மேற்கிலேயே நின்றுவிட்டது. மேற்கு என்றால் கரைப் பக்கம். அங்கே இருந்தவர் சுஃப்ரேன். காற்று யார் முதுகில் இருக்கிறதோ, எப்போது நெருங்குவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். மாலை நான்கு மணிவாக்கில் நெருங்கினார். பிரெஞ்சு அரசின் உத்தரவுப்படி அட்மிரல் வரிசைக்கு வெளியே ஒரு சிறு கப்பலில் நின்றுதான் நடத்த வேண்டும். அதனால் என் மேஜையிலும் சுஃப்ரேனுக்கு 'க்ளியோபாத்ர்' என்ற குட்டிக் கப்பல் தனியாக உண்டு.

முதல் நாள் ஆறு ஆட்டம் நடந்தது. நான்காவது ஆட்டத்தில் ஹியூஸாக உட்கார்ந்தது பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, அவள் அம்மா பின்னால் நின்றார். இரண்டு சுற்று போனதும் அந்த அம்மா கேட்டார்: "சார், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் ஏழு சோழி?"

"சுஃப்ரேன் பெரிய கெட்டிக்காரர்மா. அதுக்காக ஒண்ணு கூடுதல்."

"கெட்டிக்காரர்னா அது ஆட்டத்துல தெரியணும் சார். சோழியிலயா?"

என்னிடம் பதில் இல்லை. அறுபது வருஷம் கழித்தும் நான் அதே வகுப்புப் பையனாக அதே பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழாவது சோழியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சுற்றில் மகள் ஆரம்பித்தாள். "தாத்தா, என் ஆளுங்களுக்கு உடம்பு சரியில்ல, தண்ணியும் இல்லன்னு இந்த அட்டையில போட்டிருக்கு. நான் சென்னைக்குத் திரும்பிப் போயிடவா?"

"அதுக்கு ரூல் இல்லம்மா. சண்டை போட்டுத்தான் ஆகணும்."

"அப்புறம் எதுக்கு இதை எழுதினீங்க?"

ஹியூஸ் உண்மையில் செய்தது அதைத்தான். மூன்று மணி நேரச் சண்டைக்குப் பிறகு, ஒரு கப்பலும் போகாத நிலையில், சென்னைக்குத் திரும்பினார். கரையில் முற்றுகையிட்டிருந்த தரைப்படை கடல் துணையில்லாமல் நின்றது. அவர் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுவாகத்தான் இருக்கும். நான் அந்த முடிவுக்கே இடம் வைக்காமல் ஒரு ஆட்டம் செய்து, அதற்கு வரலாறு என்று பெயரும் எழுதி ஒட்டியிருந்தேன்.

அன்று இரவு விதித்தாளைத் திருத்தினேன். இரு பக்கத்துக்கும் ஆறே சோழி. எந்தச் சுற்றிலும் "திரும்புகிறேன்" என்று சொல்லலாம். ஹியூஸ் திரும்பினால் கரைப்படையைக் கைவிட்டதற்கு நான்கு புள்ளி கழியும், ஆனால் கப்பல்கள் மிஞ்சும். மறுநாள் எட்டு ஆட்டத்தில் மூன்று அப்படி முடிந்தன. அந்த மூன்றில்தான் ஆடியவர்கள் மேஜையைச் சுற்றி வந்து அதிக நேரம் யோசித்தார்கள்.

இனி அந்த லெட்டர். ஆட்டம் எப்படி முடிந்தாலும் கடைசியில் ஒரு பழுப்பு உறையைக் கொடுப்பேன். அரக்கு முத்திரை உண்டு. (உறை கடையில் வாங்கியது. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்தது அல்ல.) தோற்றவர் பிரித்துப் படிக்க வேண்டும். உள்ளே இருப்பது இவ்வளவுதான்: பிரான்சும் இங்கிலாந்தும் 1783 ஜனவரி 20 அன்றே வெர்சாயில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. சண்டையை நிறுத்தவும்.

அதாவது கடலூர்ச் சண்டை நடந்தபோது சமாதானம் கையெழுத்தாகி 151 நாள் ஆகியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் செய்தி வர ஐந்தாறு மாதம் ஆகும் காலம். 'மெடியா' என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக் கொடியோடு கடலூருக்குச் செய்தி கொண்டுவந்தது ஜூன் 29-ல். அதற்கு ஒன்பது நாள் முன்பு நடந்த கடற்சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் 99 பேர், பிரெஞ்சுப் பக்கம் 102 பேர், ஆக 201 பேர் இறந்துவிட்டார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஜூன் 13 அன்று கோட்டைக்கு வெளியே தரையில் நடந்த சண்டையின் கணக்கு தனி.

இதைப் படித்ததும் ஒரு பையன், "அவங்ககிட்ட வாட்ஸ்அப் இல்லையா தாத்தா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவனே, "அப்போ யாரு ஜெயிச்சா?" என்றான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நண்பர்களின் கட்சி இதுதான். "பையன் ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கான். சாக்லேட் குடுத்து அனுப்புவீங்களா, அதை விட்டுட்டு லெட்டரைக் குடுத்து மூஞ்சியைத் தொங்கப்போட வைக்கிறீங்களே?" இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு குழந்தை அழவே தொடங்கிவிட்டது. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உறையைக் கொடுப்பதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். சாக்லேட்டும் வாங்கிவைக்கிறேன். அதற்கு மேல் இறங்கி வர முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரி ஆட்டம் வெறும் பொம்மை இல்லை. ஸ்காட்லாந்தில் ஜான் க்ளார்க் என்று ஒருவர் இருந்தார். கடற்படையில் இருந்ததே இல்லை. மேஜையில் சின்னக் கப்பல்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தே கடற்போர் முறைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைக் கடற்படைக்காரர்களே படித்தார்கள். (பெயரில்தான் க்ளார்க், எங்கள் இனம் இல்லை.) 1942-ல் லிவர்பூலில் ஒரு கட்டிடத்தின் தரையில் கோடு போட்டு, கப்பல் பொம்மைகளை நகர்த்தி, ஜெர்மன் நீர்மூழ்கிகளை எப்படி எதிர்ப்பது என்று அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நடத்தியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மேஜையில் கற்றது மனதில் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நிற்குமென்றால், எது நிற்க வேண்டும் என்பதில் நடத்துகிறவனுக்குப் பொறுப்பு உண்டு. சுடவும் துரத்தவும் மட்டும் விதி எழுதி, திரும்பவும் நிறுத்தவும் விதி எழுதாமல் விட்டால், நான் கற்பிப்பது பாதிப் போர்தான், அதுவும் சினிமாவில் ஏற்கெனவே நிறையக் கிடைக்கும் பாதி.

இன்னொரு காரணம் என் சொந்தக் கணக்கு. பணியில் இருந்தபோது கொஞ்ச காலம் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தேன். சக ஊழியர் ஒருவரின் இடமாற்றத்தை ரத்து செய்து ஓர் உத்தரவு வந்தது. அது என் மேஜையில் மூன்று நாள் கிடந்தது. வேலைப் பளு என்று அப்போது சொன்னேன். உண்மையில் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் டி.சி. வாங்கி, லாரியில் சாமான் ஏற்றிப் போய்விட்டார். அந்த வருஷம் அவர் மூத்த பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பு. அவர் என்னைத் திட்டவில்லை. "தபால் லேட்டாயிடுச்சு, என்ன பண்றது" என்றார். தபால் தானாக லேட்டாவதில்லை என்பது எனக்குத் தெரியும். 1783-ல் கடல் தாமதப்படுத்தியது, என் விஷயத்தில் நான்.

அடுத்த ஜனவரியிலும் மேஜை கேட்டிருக்கிறேன். யாராவது இப்படி ஒரு ஆட்டம் நடத்த நினைத்தால் என் அனுபவத்தில் சொல்லக்கூடியது: விதி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஆட்டம் அரைமணியைத் தாண்டக் கூடாது, நடத்துகிறவர் "அங்கே போகாதே, இங்கே சுடு" என்று வாய் திறக்கக் கூடாது. அவருக்குப் பிடித்த பக்கம் எது என்று ஆடுகிறவருக்குத் தெரியவே கூடாது. இதெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்கள். உறை மட்டும் இருக்கட்டும்.

அந்த ஏழாவது சோழி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. போன வாரம் துணி துவைக்கப் போடும்போது என் மனைவி எடுத்துக் கொடுத்து, "இது எதுக்குங்க?" என்றாள். முசியேக்கு என்றேன்.