பட்டறைக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கணினிகள் இருக்கும். ஒன்றில் டேலி, ஒன்றில் ஆட்டோகேட், மற்றவற்றில் மின்னஞ்சலும் எக்செல்லும். எல்லாமே விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் முதலாளிக்கு அவசரம் தெரிவதில்லை.

அவசரம் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இனி பேட்சே வராத கணினியின் கதி என்ன? பட்டறையில் இப்படி நடந்தால் பல வருடக் கணக்கும், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங்கும் போய்விடும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, விண்டோஸ் 11. இதற்கு டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பழைய கணினி என்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, காசு கொடுத்து ஆதரவை நீட்டிப்பது. நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர். வருடா வருடம் அது இரட்டிப்பாகும். அதுவும் அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

மூன்றாவது, லினக்ஸ். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் தன் சொந்த அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடியப்போகிறது என்ற நிலையில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு 2013-இல் கூறியது.

அப்படியானால் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று அதே நகர மன்றம் வாக்களித்தது. மற்ற அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் வந்த தொல்லையும் புகார்களில் ஒன்று.

இங்கேயும் அதே சிக்கல்தான். டேலிக்கும் ஆட்டோகேடுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. லினக்ஸ் இலவசம் என்பதற்காக அக்கவுண்டன்டின் டேலியைப் பிடுங்கினால் மாதக் கடைசியில் கணக்கு நின்றுவிடும். அதற்காகத் திருட்டு விண்டோஸை நிறுவிக்கொண்டு காலம் தள்ளுவதும் சரியல்ல.

ஆகவே இயங்குதளத்தில் தொடங்கக் கூடாது, வேலையில் தொடங்க வேண்டும். எந்தக் கணினியில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று முதலில் எழுதிப் பார்க்கலாம். டேலி, ஆட்டோகேட் கணினிகளுக்கு முறையான உரிமத்தோடு விண்டோஸ் 11 போடலாம். மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம், கொட்டேஷன் கடிதம் போன்றவற்றுக்கு உலாவியும் லிப்ரே ஆபிஸும் போதும். அந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் தாராளம். புதிதாக வாங்க வேண்டிய ஐந்து கணினிகள் இரண்டாகக் குறையும்.

அதையும் முதலில் ஒரே ஒரு கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். தினமும் அதில் உட்கார்ந்து பில் தட்டுபவர் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரிண்டர், பழைய எக்செல் மேக்ரோ எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றுவதற்கு முந்தின நாள் எல்லாக் கணக்கையும் டிராயிங்கையும் ஒரு தனி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.