முப்பது ஆண்டுகளின் பின் ஒரு சொல்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவர் எம் இல்லம் வந்தார். எம் ஊரவர், வயது ஐம்பத்தாறு, மனைவியும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் உள்ளனர். தேநீர் ஆறும் வரை பேசாதிருந்தவர், "மாஸ்ரர், ஒரு விசயம் சொல்லவேணும். கேட்டிட்டு எழும்பிப் போ எண்டாலும் போறன்" என்றார். இளமை தொட்டே தம் மனம் ஆண்களையே நாடியதையும், அதனை மறைத்தே முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்தியதையும், அண்மையில் மனைவியிடம் அனைத்தையும் கூறிவிட்டதையும் சொன்னார். அவரதும் அவர் மனைவியினதும் சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறோம்.

எமக்கு உடனே நினைவில் வந்தது 1994ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. இலண்டனில் இருந்த அவர், பேசிவந்த சம்பந்தத்தை இருமுறை வேண்டாமென்று எழுதியிருந்தார். கண்பார்வை குன்றிய அவருடைய தாயார் சொல்லச் சொல்ல, பதில் எழுதிக் கொடுத்தவர் நாம். தாயின் கண்ணீரோடு நில்லாமல், எமது புத்திமதியாகவும் நான்கு வரிகள் சேர்த்தோம். ஏன் மறுக்கிறாய் என்று ஒரு வரி கேட்க எமக்குத் தோன்றவில்லை.

"இது வெள்ளைக்காரனிட்டைப் பழகினது" என்று எம்மவர் சொல்வதுண்டு. உண்மையில், வெள்ளையர் எமக்குத் தந்தது தடையைத்தான். இலங்கையில் இதனைக் குற்றமாக்கிய சட்டம், 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளது. இங்கிலாந்தோ 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தி, 2014இல் ஒருபாலார் திருமணத்தையும் ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதனை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. அக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றமும் கூறியது.

அகதிகளாகிய நாம் அறியவேண்டிய தீர்ப்பொன்றும் உண்டு. ஈரானையும் கமரூனையும் சேர்ந்த இருவரை, ஊரில் அடக்கமாக மறைத்து வாழலாமே என்று பிரித்தானிய அதிகாரிகள் திருப்பி அனுப்ப முனைந்தனர். துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன்னை மறைத்து வாழுமாறு ஒருவரை எதிர்பார்க்க முடியாதென்று 2010 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. "கொழும்பில் போய் இருக்கலாமே" என்று எம் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டபோது நாம் கொதித்தோம். அதே வாசகத்தை எம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே சொல்வது எவ்வகை நியாயம்?

எனினும் இக்கதையில் காயப்பட்டவர் ஒருவரல்லர். "அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று அந்தச் சகோதரி கேட்டாராம். அக்கேள்விக்கு நண்பரிடம் பதிலில்லை, எம்மிடமும் இல்லை. அவருடைய முப்பது ஆண்டுகளும் பெறுமதியானவை. கணவருடைய துணிவைப் போற்றும் அவசரத்தில் மனைவியின் இழப்பை மறப்பதும் அநீதியே. சேர்ந்திருப்பதா பிரிவதா என்பது அவ்விருவரும் ஆறுதலாகத் தீர்மானிக்க வேண்டியது. கோயில் வாசலிலும் கலியாண மண்டபத்திலும் ஊரார் தீர்மானிப்பதன்று. எம் துணைவியார் மறுநாளே அவரிடம் சென்றார். அறிவுரை எதுவும் கூறாமல், கூடவிருந்து சமைத்து, சாப்பிட வைத்துவிட்டு வந்தார். நாம் கற்ற கல்வியைவிட அது மேலெனத் தோன்றியது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ திருமணம் வேண்டாம் என்றால், சாதகத்தை எடுக்குமுன் காரணத்தைக் கேளுங்கள். கேட்டபின் பொறுமையாக இருங்கள். கட்டிவைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை, முன்பின் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் ஈடுவைக்கிறது.

விடைபெறும்போது நண்பர் வாசலில் நின்று, "இனியும் நான் இஞ்சை வரலாமோ?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னோம். அந்தக் கடிதத்துக்காக மன்னிப்பும் கேட்டோம். வந்தார்.