ஜன்னலைச் சாத்துங்கப்பா

சென்னையை ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். வண்டலூர், கிண்டி பாம்புப் பண்ணை, எழும்பூர் மியூசியம், கபாலி கோயில், கோட்டை, மெரினா. வேப்பூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வருசா வருசம் வண்டி கிளம்புகிறது. காலனிப் பிள்ளைகளும் ஆட்டுச் சந்தையில் குட்டி வித்த காசைக் கொண்டாந்து கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். போய் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதே என் கேள்வி.

அது துறைமுகப் பட்டணம். ஆனால் பட்டியலில் துறைமுகம் கிடையாது. கடற்கரை மணலில் நின்று தூரத்தில் தெரியும் கப்பலைக் கையை நீட்டிக் காட்டுவதோடு சரி. அந்தத் துறையிலிருந்து கப்பலேறிப் போனவன் யார்?

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு நவம்பரில் நேட்டாலில், டர்பன் கரையில், இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். அதற்கு முன்பே மொரீசியசுக்குப் போனார்கள், பின்னால் பிஜிக்கும் போனார்கள். அப்போது துறைமுகச் சுவர்கூடக் கிடையாது, அந்த வேலை 1875இல்தான் தொடங்கியது. அலையில் படகை விட்டு ஆளைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆள்பிடித்த மாவட்டங்களில் வடஆற்காடும் தென்னாற்காடும் முக்கியமானவை. தென்னாற்காடு என்றால் வேறெங்கோ இல்லை, நாம இருக்கிற மண்ணுதான். நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஊர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். சாதி என்ற கட்டத்தில் நம்ம பேர் திரும்பத் திரும்ப வருகிறது. பண்ணையில் அடிபட்டுச் சாகிறதுக்குக் கடலில் சாகலாம் என்று போனவர்கள் உண்டு. ஏமாற்றி ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

அவர்கள் போய் இறங்கிய இடங்களில் ஒன்று மொரீசியசின் போர்ட் லூயி. அங்கே கூலிகள் ஏறிவந்த படிக்கட்டைக்கூடப் பாதுகாத்து 'ஆப்ரவாசி காட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னம் என்று அறிவித்தது. இறங்கிய இடம் மரபுச் சின்னம். ஏறிய இடமோ பிள்ளைகளுடைய சுற்றுலாப் பட்டியலில் ஒரு வரியாகக்கூட இல்லை.

"சுற்றுலாவுலயுமா சாதி?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். முற்போக்காளர்களே கேட்கிறார்கள். சாதியை நாங்க எங்கிருந்தும் கொண்டுவரலை, அய்யா. கும்பினிக்காரன் ஆவணத்திலேயே கருப்பர் பட்டணத்தை ஒட்டி 'பெரிய பறைச்சேரி' இருக்கிறது. 1707இல் எந்தத் தெரு வலங்கைக்கு, எந்தத் தெரு இடங்கைக்கு என்ற சண்டையில் ஊரே கலைந்து, கவர்னர் தாமஸ் பிட் வந்து பஞ்சாயத்துப் பண்ணினான். கோட்டையைக் காட்டுகிறவர்கள் பீரங்கியைக் காட்டுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். 2004லிருந்து ஆகஸ்டு 22ஐச் சென்னை தினம் என்று கொண்டாடி, மரபு நடை என்று கூட்டிப்போகிறார்கள். நல்லதுதான். அந்த நடை புளியந்தோப்பு வரைக்கும் நீளட்டுமே. 1921இல் பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்த இடம் அது. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலைக்கு முன்னால் போட்டோ எடுக்கிற பிள்ளைக்கு, உழைப்பாளிகளுக்குள்ளேயே ஒருத்தன் குடிசையை இன்னொருத்தன் கொளுத்திய கதையையும் யாராவது சொல்ல வேண்டாமா?

இரண்டு வருசத்துக்கு முந்தி எங்க தெருப் பிள்ளைகளுக்குத் துணையாக நானும் ஒரு வண்டியில் போனேன். கூவத்துப் பாலம் வந்ததும் கூட வந்த வாத்தியார், "ஜன்னலச் சாத்துங்கப்பா, நாத்தம்" என்றார். வண்டி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. ஏழாவது படிக்கிற பெண்ணொருத்தி மட்டும் சாத்தவில்லை. "எங்க மாமா வூடு இங்கதான் சார் இருந்துச்சு, இப்ப பெரும்பாக்கத்துல போட்டுட்டாங்க" என்றாள். வாத்தியார் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நாளில் சென்னையைப் பற்றிச் சரியாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

2000இலிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டங்கூட்டமாகப் பெரும்பாக்கம். கரையில் இருந்தவர்களை வாரிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு ஆற்றை அழகுபடுத்துகிறார்கள். பறக்கும் ரயிலில் ஏறினால் காலுக்குக் கீழே ஓடுகிற பக்கிங்காம் கால்வாயை எட்டிப் பாருங்கள். நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற அந்தத் துண்டை 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத சனங்கள் நிவாரணக் கூலிக்கு வெட்டினார்கள். கால்வாய்க்குப் பேர் மட்டும் கவர்னருடையது. அதே கால்வாய்க் கரையில்தான் 2022 மே மாதம், கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தபோது, ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். இதுவும் சென்னையில் பார்க்க வேண்டிய இடம்தான்.

நம்மாட்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. 2023 டிசம்பரில் அயோத்திதாசருக்குக் கிண்டியில் மணிமண்டபம் திறந்ததோடு நமக்குத் திருப்தி வந்துவிட்டது. அவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய ராயப்பேட்டைத் தெருக்களில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்து நடத்திய பட்டணம் இது. ஆல்காட் பஞ்சமர் பள்ளி 1894இல் தொடங்கியது, அவர் பேரில் பெசன்ட் நகர்ப் பக்கம் இன்னமும் பள்ளிக்கூடம் நடக்கிறது. பீச்சுக்குப் போகிற வண்டி அந்தப் பக்கம்தானே போகிறது, ஒரு நிமிசம் நிறுத்தினால் டீசலா தீர்ந்துவிடும்?

அடுத்த தடவை வண்டியை நாமே பிடிப்போம். போகிற வழியில் செங்கல்பட்டில் நிறுத்தி, காரணையில் பஞ்சமி நிலம் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்ததைச் சொல்லுவோம். அப்புறம் புளியந்தோப்பு, ராயப்பேட்டை, துறைமுக மதில். சாயங்காலம் பெரும்பாக்கம் போய் அந்தப் பெண்ணின் மாமா வீட்டில் ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். வேன் வாடகையைப் பங்குபோட்டுக் கட்ட இதுவரை எங்கள் தெருவில் பதினொரு வீடு பேர் கொடுத்திருக்கிறது.