கையெழுத்துப் போட்டால் கணக்கு முடிந்ததா?

மும்பையில் 2005 ஜூலை 26-ந் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்த பிறகு கடைக்காரருக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நடப்பது பேரம்தான். இவர் கேட்பது ஒரு தொகை; அவர்கள் தரச் சம்மதிப்பது வேறு தொகை.

குறைத்துக் கொடுப்பதெல்லாம் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 10 லட்ச ரூபாய் சரக்கை 5 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்தவருக்கு 2 லட்சம் நஷ்டம் என்றால், பொதுவான விதிப்படி 1 லட்சமே கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததன் பலன் அது. ஆனால் சர்வேயர் சரக்கின் மதிப்பையே குறைத்து எழுதியிருந்தால் விடக்கூடாது. சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, பில்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்கல் வவுச்சரில் இருக்கிறது. “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி இல்லை” என்று அதில் அச்சடித்திருக்கும். கடையைத் திறந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் யார்தான் கையெழுத்துப் போடமாட்டார்கள்?

அந்தக் கையெழுத்து மட்டுமே பாலிசிதாரரின் வாயை அடைத்துவிடாது என்று அஜ்மீர் சிங் பஞ்சு மில் வழக்கில் 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2015 செப்டம்பரில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் அதே கருத்தில் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் 1999 வழக்கில் வாதிகள் ஜெயிக்கவில்லை என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மோசடியோ நிர்ப்பந்தமோ நடந்ததாக அவர்கள் சொல்லவும் இல்லை, சாட்சியம் காட்டவும் இல்லை. எனவே கையெழுத்துப் போட நேர்ந்தால், “ஆட்சேபத்தோடு வாங்கினேன்” என்று அன்றைக்கே ரிஜிஸ்தர் தபாலில் காரணத்தோடு எழுதிவிடுவது நல்லது. தேதி முத்திரை இல்லாத மனுவுக்கு என்ன மதிப்பு என்பது ஆபீஸில் காகிதம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்க்கும் அதிகாரியிடம் போகலாம். மும்பையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலுக்கும் அங்கே இடமில்லை. தனி ஆள் நடத்தும் கடையின் பாலிசியையும் விசாரிப்பார்கள். 30 லட்சமாக இருந்த வரம்பு 2023-ல் 50 லட்சமாக உயர்ந்தது. இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் செய்து வைப்பார், இல்லையேல் தீர்ப்பு. அதைக் கம்பெனி 30 நாளில் நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் அதே விவகாரம் ஏற்கெனவே நுகர்வோர் கோர்ட்டில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் மனுவை ஏற்கமாட்டார்.