சிறியது செல்லட்டும், முழுமை தங்கட்டும்

நுழையுமுன்

ஒளிப்படம் எடுப்பதும் அனுப்புவதும் இன்று நொடிப்பொழுதுச் செயல்கள். ஆயினும், அனுப்பும் படம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், சேமிக்கும் படம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்விரண்டும் வேறு வேறு என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

ஹவுராவின் கருவூலம்

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவைச் சேர்ந்த சிப்பூரில், 1787ஆம் ஆண்டில் ஒரு தாவரவியல் பூங்கா தோன்றியது. இன்று அது ஆச்சாரிய ஜகதீச சந்திர போசு பெயரால் விளங்குகிறது. அங்குள்ள மத்திய தேசிய உலர்தாவரகத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் தாவர மாதிரிகள் உள்ளன. செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, அது கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிவைத்த அரிய சான்றுகள் அவை.

இத்தகைய தாள்களை ஹவுராவுக்குச் சென்றே காணவேண்டும் என்னும் நிலை மாறிவருகிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் தன் தொகுப்புகளைப் படமாக்கி, மெய்நிகர் உலர்தாவரகமாக இணையத்தில் காட்டுகிறது. இங்கேதான் படத்தின் அளவு பற்றிய வினா எழுகிறது.

28 செ.மீ. அகலமும் 42 செ.மீ. உயரமும் உடைய ஒரு தாளை, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்னும் நுட்பத்தில் வருடினால், ஆறரைக் கோடிப் படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்காமல் சேமித்தால் அப்படம் ஏறத்தாழ 200 மெகாபைட் இடத்தை அடைக்கும். மலையூர் ஒன்றில், மெலிந்த அலைவரிசையில், கைப்பேசி வழியே அதைக் காண விழையும் மாணவர்க்கு அது திறவாத கதவே அன்றோ?

சுருக்கும் கலை

இக்கதவைத் திறந்தவர்களுள் இந்தியரும் உளர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974இல் ஒரு கணித முறையை வெளியிட்டார். 1992இல் உருவான ஜேபெக் தரம் அம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. படம் 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் உணராத நுண்ணிய மாற்றங்கள் விடப்படுகின்றன. எஞ்சியவை மட்டுமே எழுதப்படுகின்றன. அதனால் கோப்பு பன்மடங்கு சிறுத்துவிடுகிறது.

ஆகவே, பகிரும் படத்தைச் சுருக்குவது பெறுபவர்க்குச் செய்யும் உதவி. 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உள்ள படத்தை 1200க்கு 900 என மாற்றினால், புள்ளிகள் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். கைப்பேசித் திரையில் காண அதுவே போதும். “இணையம் மலிந்துவிட்டது, சுருக்குவது எதற்கு?” என்போர், எல்லார்க்கும் அது ஒருபோல் கிட்டவில்லை என்பதை மறக்கின்றனர்.

இழந்தது மீளாது

எனினும், சுருக்கிய படத்தை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது பெரும்பிழை. ஜேபெக் முறையில் விடப்பட்ட நுட்பங்கள் மீண்டும் கிட்டா. இலையின் மெல்லிய மயிர்களும், தாளின் ஓரத்தில் மங்கிய மையில் எழுதிய ஊர்ப்பெயரும் முதலில் மறைவன. ஆய்வாளர்க்கு வேண்டுவனவோ அவையே. சுருக்கிய படத்தைத் திருத்தி மீண்டும் மீண்டும் ஜேபெக்காகச் சேமித்தால் தெளிவு மேலும் குன்றும்.

அதே பூங்காவின் பேராலமரம் 250 ஆண்டுகளைக் கடந்தது. நோயுற்ற அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது; ஆயினும் விழுதுகள் தாங்க, மரம் இன்றும் தழைக்கிறது. படத்திற்கு அந்தப் பேறு இல்லை. மூலம் போயின், ஆயிரம் பிரதிகள் இருந்தும் அதை மீட்டல் அரிது.

நாம் செய்யத்தக்கவை

மூலப்படத்தைத் தொடாமல் வேறோர் இடத்தில் காக்கவேண்டும். பகிர்வதற்கு ஒவ்வொரு முறையும் அம்மூலத்திலிருந்தே புதிய பிரதி எடுக்கவேண்டும். முதலில் நீள அகலங்களையும், பின்னர்த் தேவையாயின் தரத்தையும் குறைக்கலாம். ஒளிப்படத்திற்கு ஜேபெக் ஏற்றது. எழுத்தும் கோட்டோவியமும் மிகுந்தவற்றிற்குப் பிஎன்ஜி பொருந்தும். செய்திச் செயலிகள் பல படத்தைத் தாமே சுருக்கி அனுப்புவதால், அவ்வழியே வந்த பிரதியை மூலமெனக் கொள்ளலாகாது.

பகிர்தல் இன்றைய மக்களுக்காக. காத்தல் நாளைய மக்களுக்காக. ஒன்றைச் செய்ய மற்றொன்றை இழக்கவேண்டியதில்லை.

சிந்தித்து எழுதுக

1. பகிரும் படத்தைச் சுருக்குவது பெறுபவர்க்கு உதவி எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. பேராலமரத்திற்கும் சுருக்கிய படத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உங்கள் வீட்டில் மூலமாகக் காக்கத்தக்க படங்கள் எவை? காரணத்துடன் எழுதுக.