கண்முன் மேட்டுநிலம், ஏட்டில் 'பீடபூமி'!

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். நிலத்தை முதலாக வைத்து வாழ்வை வகுத்த இனத்தின் பிள்ளைகள், தம் காலடி நிலத்தைத் தம் மொழியாற் சொல்ல அறியாது வளர்கின்றனர் என்பதினும் இழிவு வேறு யாதுளது?

சேந்தமங்கலத்துப் பிள்ளை கிழக்கே நோக்கின் கொல்லிமலை தோன்றும். காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறின், ஆங்குக் காணப்பெறுவது கூரிய முடியன்று. ஊர்களும் வயல்களும் பரந்த அகன்ற நிலம். 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த அந் நிலத்தைக் கண்ட பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டுமோ? பாடநூலோ 'பீடபூமி' என்கின்றது. பீடமும் வடசொல், பூமியும் வடசொல். பிள்ளை அதனை நெட்டுருச் செய்கின்றது. திபெத்தை எடுத்துக்காட்டி மதிப்பெண் பெறுகின்றது. தன் ஊர்க்குக் கிழக்கே உயர்ந்து கிடப்பதும் அதுவே என்பதை மட்டும் அறியாதொழிகின்றது. 'மேட்டுநிலம்' எனின், சொல்லே ஆசிரியனாய் நின்று பொருளை விளக்காதோ?

'தக்காணப் பீடபூமி' என்பதோ இரட்டைக் குற்றம். தக்காணம் என்பது தெற்கைக் குறிக்கும் 'தட்சிணம்' என்னும் சொல்லின் திரிபு. வடக்கே இருப்பவனுக்கன்றோ அது தெற்கு? சேலத்துப் பிள்ளைக்கு அந் நிலம் பெரும்பாலும் வடக்கே கிடக்கின்றது! வடக்கைத் தெற்கென்று கற்பிப்பது எவ்வகைக் கல்வி?

ஆறுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கொல்லிமலைப் பக்கத்துத் தோன்றித் தம்மம்பட்டி வழியே ஓடும் ஆற்றைச் 'சுவேதநதி' என்கின்றனர். சுவேதம் என்பது வெண்மை. நதி என்பது ஆறு. ஆத்தூர் வழியே வரும் 'வசிட்டநதி'யொடு அது கூடிக் கிழக்கே செல்லுங்கால் வெள்ளாறு எனப்பெற்றுப் பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கின்றது. தலையில் வடமொழி, கடைவாயில் தமிழ்! ஒரு பெயரின் இரு மொழி வடிவங்களை இரு வேறு பெயர்களென நம்பிக் கற்கின்றது பிள்ளை. சேலம் நகரினூடே ஓடிக் காவிரியிற் சேரும் திருமணிமுத்தாறு தமிழ்ப்பெயர் தாங்கியிருந்தும், அதன் நீரைச் சாயக்கழிவும் சாக்கடையும் கெடுத்தன. தன் ஆற்றைத் தன் ஆறென்று அறியாத தலைமுறை அதனைக் காக்குமென எங்ஙனம் எதிர்பார்ப்பது?

ஆங்கிலர் செய்த குழப்பமும் உண்டு. சேலத்தையடுத்து வெள்ளை படர்ந்த குன்றுகளைக் கண்டு, சுண்ணக்கட்டிக் குன்றுகள் எனப் பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். ஆங்குள்ளது சுண்ணக்கட்டியன்று, உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய உதவும் மாக்னசைட்டு என்னும் கனிமம். அதனை வெட்டியெடுக்கும் உழைப்பாளரோ 'வெள்ளைக்கல்' என வழங்கினர். கண்டதைக் கண்டவாறு கூறிய உழைப்பாளர் சொல் பிழைபடவில்லை. ஆண்டவர் சொல்லே பிழைபட்டது.

"அறிவியற்குத் தமிழிற் சொல் இல்லை" என்பார் கொங்கு உழவரிடம் கேட்டறிக. மலை, குன்று, கரடு, கணவாய், பள்ளம், ஓடை, செவ்வல், கரிசல், மேட்டாங்காடு என ஒவ்வொரு நில வேறுபாட்டிற்கும் ஒரு சொல் அவர் நாவில் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவது, நிலம் மாறும் இயல்பினது என்னும் அறிவன்றோ?

"பழகிய சொல்லை மாற்றினாற் பிள்ளைகள் தடுமாறுவர்" என்பதும் பொருந்தாது. 'பூகம்பம்' நிலநடுக்கம் ஆயிற்று. 'பூமத்தியரேகை' நிலநடுக்கோடு ஆயிற்று. எந்தப் பிள்ளை தடுமாறிற்று? ஈழத்தமிழர் குடாநாடு என்கின்றனர். இங்கோ இன்னும் 'தீபகற்பம்'! ஆங்கிலவழிப் பள்ளியிற் பிள்ளையைச் சேர்த்துப் பெருமை கொள்ளும் பெற்றோரோ, அத் தமிழெழுத்தையும் பிடுங்கிவிட்டு முற்றிலும் அயற்சொல்லைத் திணிக்கின்றனர்.

தமிழ்ப் பெற்றோரே! ஆசிரியரே! படத்தைக் காட்டுமுன் நிலத்தைக் காட்டுக. பிள்ளையை ஊர்க்கரட்டின்மேல் ஏற்றி, நாற்புறமும் நோக்கச் செய்து, கண்ட ஒவ்வொன்றையும் தமிழாற் பெயர் சொல்லுமாறு பழக்குக. பாடநூலில் 'பீடபூமி' வருமிடத்து மேட்டுநிலம் எனவும், 'நதி' வருமிடத்து ஆறு எனவும் சொல்லிக் கொடுக்க. அவ்வாறே நூலில் அச்சிடுமாறு அரசை வற்புறுத்துக. நிலத்தின் பெயரை இழந்தவர் நிலத்தையும் இழப்பர்; பெயரை மீட்டவரே நிலத்தை மீட்பர்!