ஈரத்துண்டும் இரண்டு ஊரும்

கோடையில் படகேறி மீன் பிடிப்பவரை வெயில் இரண்டு பக்கமும் தாக்கும். மேலிருந்து விழுவது ஒன்று. தண்ணீரில் பட்டுத் தெறித்து, தொப்பி விளிம்புக்குக் கீழே புகுந்து தாடையையும் மூக்கு நுனியையும் சுடுவது இன்னொன்று. இவற்றைத் தார்ப்பாய் நிழலும் முகத்தைச் சுற்றிய துணியும் ஓரளவு தடுக்கும். எதுவும் தடுக்காதது காற்றில் உள்ள ஈரம். கோடையில் வரும் வெப்ப எச்சரிக்கையும், வழக்கம்போல, டிகிரிக் கணக்கோடு முடிந்துவிடும். பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வர வேண்டாமாம். கரையே கண்ணில் படாத தூரத்தில் வலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் எந்த வீட்டுக்குள் போவார் என்று அறிவிப்பு எழுதியவருக்குத் தோன்றவில்லை.

வெப்ப அலைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் அளவுகோல், சமவெளிக்கு 40 டிகிரி, கடற்கரைக்கு 37 டிகிரி. அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடற்கரைக்கு மூன்று டிகிரி குறைத்திருப்பது சரியே. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்ததும் நல்லதே. ஆனாலும் வெப்பமானி காட்டும் எண் பாதிக் கதைதான். மீதிக் கதை புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. மாவட்டத்தின் மேற்கே, அன்னவாசலுக்கும் விராலிமலைக்கும் அருகே, வறண்ட காட்டில் இருக்கிறது இலுப்பூர். அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தென்கிழக்கே போனால் பாக் நீரிணைக் கரையில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும்.

மே மாதப் பகல் ஒன்றில் இலுப்பூரில் 40 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கோட்டைப்பட்டினத்தில் 34 டிகிரிதான், ஈரப்பதம் 75 சதவீதம். எண்ணைப் பார்ப்பவர் கடற்கரைக்கு ஓடுவார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப்பட வைத்தால் கணக்கு தலைகீழாகும். இலுப்பூரில் அது 26 டிகிரி அளவுக்கு இறங்கும். கடற்கரையில் 30க்குக் கீழே போகாது. ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும் இந்த எண்தான் உடம்புக்குப் புரியும் எண். வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும். வழிந்து படகுத் தட்டில் சொட்டினால் உப்பும் தண்ணீரும் நஷ்டம், குளிர்ச்சி கிடைக்காது. ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து 2022இல் வெளியிட்டபோது, ஈரமான காற்றில் எல்லை 31 டிகிரி அருகிலேயே வந்துவிட்டது. கடற்கரையின் 30 அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோளில் கிடக்கும் பருத்தித் துண்டின் பெருமையும் எல்லையும் இங்கேதான் இருக்கின்றன. இலுப்பூரில் துண்டை நனைத்துப் பிழிந்து தலையில் போட்டால் கால் மணி நேரத்தில் விளிம்பு காய ஆரம்பிக்கும். காய்கிற நேரமெல்லாம் தலை குளிரும். மண்பானைத் தண்ணீர் அங்கே ஜில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். கடலில் அதே துண்டு சொதசொதவென்று கனத்துக் கிடக்கும். கடல்நீரில் நனைத்ததாயிருந்தால், உலர்ந்த பிறகு விறைத்து, மடிப்பில் வெள்ளை பூத்து, கழுத்தை அறுக்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் செய்யும். படகில் துண்டு பயன்பட இரண்டு வழி உண்டு: நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்வது, காற்று வரும் பக்கம் உட்கார்வது.

துண்டுக்கு அடுத்து பனியன்; பாலியஸ்டர் பனியன் மேல் எனக்குக் கோபம் உண்டு. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் வரை காற்றின் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. மெல்லிய விளையாட்டுச் சட்டைகள் நூலிழை வழியாக வியர்வையை வெளியே கடத்திச் சீக்கிரம் உலர்கின்றன, அதை மறுக்க முடியாது. இலவசமாகக் கிடைத்துப் படகேறும் பனியன்கள் அந்த ஜாதியில்லை. நெஞ்சகலத்துக்கு ஒரு முகத்தை ரப்பர் போன்ற மையில் அச்சடித்திருப்பார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் காற்றும் போகாது, வியர்வையும் வெளியேறாது. சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் அதே அளவுக்கு வேர்க்குரு பூத்திருக்கும். யாருடைய முகம் என்பது தோலுக்கு ஒரு பொருட்டில்லை.

இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் கோடை மீன்பிடிக்குப் படகே வேண்டாம். தண்ணீர் வற்றி இடுப்பளவுக்கு வந்ததும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்க முடியும். மறு நொடியே ஊத்தா, கச்சா, வலை, வெறுங்கை என்று சனம் மொத்தமும் சேற்றைக் கலக்கும். விராலும் கெண்டையும் கெளுத்தியும் அகப்படும். அன்றைக்குத் தெருவெல்லாம் குழம்பு வாசம். விடிந்ததும் தொடங்கி வெயில் உறைக்கும் முன் முடிந்துவிடுவது இதிலுள்ள முதல் புத்திசாலித்தனம். தண்ணீருக்குள் நிற்பது இரண்டாவது. காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். பக்கத்திலுள்ள சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் எருமையும் தீட்டப்பட்டிருக்கின்றன. எருமைக்கு இந்தப் பௌதிகம் எப்போதும் தெரியும். படகில் இருப்பவருக்குத்தான் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் அதில் நிற்கும் பாக்கியம் இல்லை.

கடலில் நேரத்தைத் தேர்வதுதான் முதல் காப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் நீட்டப்பட்ட ஏற்பாடு இது. அக்கினி நட்சத்திரம் முழுக்க இதற்குள் அடங்கிவிடுவதால் விசைப்படகுக்காரர்கள் உச்ச வெயிலுக்குத் தப்புகிறார்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. சாயங்காலம் வலையிட்டு விடியலில் இழுத்துக் கரைசேர்வது அவர்களுக்குத் தோதான முறை. பகலில் தங்க நேர்ந்தால் தார்ப்பாயைத் தலைக்கு மேல் ஒரு முழமாவது இடைவெளி விட்டு, இரு பக்கமும் காற்றுப் புகும்படி கட்ட வேண்டும். தலையோடு ஒட்டிக் கட்டிய தார்ப்பாய் அடுப்பு மூடிதான்.

கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு இறங்கும். உப்பிட்ட நீராகாரம், மோர், இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தது போதும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அவ்வப்போது குடிக்க வேண்டும். மதுப்புட்டி கரையிலேயே இருக்கட்டும்.

கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுற்றல், வாந்தி வந்தால் உடனே வேலையை நிறுத்தி நிழலில் கிடத்த வேண்டும். பேச்சுக் குழறி, உடம்பு கொதித்து, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பவாதம். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றிக் கடல்நீரையே மொண்டு உடம்பு முழுக்க ஊற்றலாம், அந்த நேரத்தில் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். மீனுக்குக் கொண்டுபோன ஐஸைத் துண்டில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. படகைக் கரைக்குத் திருப்பி ஓட்டினால் ஓட்டத்தில் காற்றும் கிடைக்கும். கடலோரக் காவல்படையை அழைக்க எண் 1554; கரையில் 108.